வயிறு தள்ளிய கோடு

எங்கள் அப்பாவுக்கு எதையும் இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால்தான் திருப்தி. அம்மா சுவரில் மாட்டும் காலண்டர், என் தலைவகிடு, பக்கத்து வீட்டுக் கதவு நிலை என்று எல்லாவற்றையும் ஒற்றைக் கண்ணால் பார்த்து நேராக இருக்கிறதா என்று தீர்ப்புச் சொன்ன பிறகுதான் மறுவேலை. பெண் பார்க்கப் போன இடத்திலும் கூடத்துத் தூணை அப்படித்தான் பார்த்தாராம். மாப்பிள்ளைக்குக் கண்ணில் ஏதோ கோளாறு என்று தன் வீட்டில் ரகசியமாக ஒரு கூட்டமே நடந்ததாக அம்மா சொல்லிச் சிரிப்பாள். அந்தக் கதையைச் சொல்வதை ஒரு கட்டத்தில் அவள் நிறுத்திக்கொண்டாள்.

அப்பா கோரிப்பாளையத்தில் ஏர்கன் விற்கிற கடையில் வேலை பார்த்தார். ஈயக் குண்டு போட்டு அட்டையைச் சுடுகிற காற்றுத் துப்பாக்கிதான். கிளப்பில் சேர்ந்த காலேஜ் பையன்கள், தோப்பும் துரவும் வைத்திருப்பவர்கள், பட்டாளத்திலிருந்து திரும்பி வந்தும் கை சும்மா இருக்க மறுக்கிறவர்கள் வாங்குவார்கள். அவர்களில் பாதிப் பேர் அதன் மேல் டெலஸ்கோப் வேண்டும் என்பார்கள். அதை மாட்டிக் கொடுப்பதுதான் அப்பாவின் வேலை. கடையில் கூட்டமும் சத்தமும் இருந்ததால், நுணுக்கமான வேலையை ஞாயிற்றுக்கிழமைகளில் பழங்காநத்தத்தில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். கடை முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு அப்பா மேல் அவ்வளவு நம்பிக்கை.

இரண்டு வளையம், அதற்குள் ஒரு குழாய், நாலு முறுக்கு, இதற்கு எதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று அம்மா கேட்பாள். அப்பா அதற்குள் வேலையைத் தொடங்கியிருப்பார். வளையத்தின் கீழ்ப்பாதியைத் துப்பாக்கியில் பிடித்து, டெலஸ்கோப்பை அதில் படுக்கவைத்து, மேல்பாதியைக் கவிழ்ப்பார். வளையத்துக்கு நான்காக மொத்தம் எட்டு ஸ்க்ரூ. ஒன்றை முழுக்க முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. இதில் கால் சுற்று, குறுக்கே எதிர்மூலையில் கால் சுற்று என்று மாறி மாறிப் போக வேண்டும். மேல்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் நடுவே இரண்டு பக்கமும் ஒரே அளவு சந்து இருக்க வேண்டும். அதை அளக்க அப்பா வைத்திருந்த கருவி காதுகுத்துப் பத்திரிகை. எங்கள் பக்கம் காதுகுத்துக்கு அடிக்கிற பத்திரிகை கல்யாணப் பத்திரிகையைவிடக் கனமாக இருக்கும். அதை விரல் அகலத்துக்கு நறுக்கி அந்தச் சந்தில் செருகிப் பார்ப்பார். ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் நுழையாவிட்டால் எட்டையும் தளர்த்தி மறுபடி முதலிலிருந்து. யார் வீட்டுத் தாய்மாமன்களின் பெயர்களோ எங்கள் மொட்டை மாடியில் வளையத்துக்குள் போய் வந்துகொண்டிருக்கும்.

அவர் எதையும் எழுதி வைத்ததில்லை. எல்லாம் மண்டையில்தான். மூன்று வருஷம் கழித்து ஒரு துப்பாக்கி திரும்பி வந்தாலும், இது ஆடி மாசம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மாட்டியது, பின்வளையத்தில் இடது பக்க ஸ்க்ரூ கொஞ்சம் முரண்டு பிடித்தது, அரைச் சுற்று கூடவே வாங்கியது என்பார். அப்பாவுக்கு இருந்த ஒரே கர்வம் அதுதான்.

டெலஸ்கோப்புக்குள் கூட்டல் குறிபோல இரண்டு மெல்லிய கறுப்புக் கோடுகள் தெரியும். அதில் நிற்கிற கோடு செங்குத்தாக நிற்க வேண்டும். ஒரு நூல் சாய்ந்தாலும் பக்கத்தில் சுடும்போது தெரியாது, தூரம் போகப் போகக் குண்டு ஒதுங்கிவிடும். அதற்காக எங்கள் வரிசையில் இருந்த மூன்று வீடுகளுக்கும் பொதுவான நீண்ட மொட்டை மாடியின் ஒரு கோடியில், மணல் நிரப்பிய என் பழைய பள்ளிக்கூடப் பையின் மேல் துப்பாக்கியைப் படுக்கவைத்து, ரசமட்டம் வைத்துச் சமன் பார்ப்பார். மறுகோடியில் வெள்ளையடித்த தண்ணீர்த் தொட்டியின் முன்னால் ஒரு தூக்குக்குண்டு கறுப்பு நூலில் தொங்கும். குழலுக்குள் தெரிகிற கோடும் அந்த நூலும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கோடாகும் வரை டெலஸ்கோப்பை வளையத்துக்குள் மயிரிழை மயிரிழையாகத் திருப்புவார். 

தூக்குக்குண்டு பக்கத்து வீட்டு மாமாவுடையது. அவர் கொத்தனார். சொந்தமில்லை, ஆனாலும் அப்பாவுக்கு அவர் மாப்ள, அவருக்கு அப்பா மச்சான். பித்தளைக் குண்டு, நல்ல கனம். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வேலை இல்லாததால் அன்று அது எங்களுக்குச் சேவகம் செய்யும்.

நான் நாலாவது படித்தபோது அந்த மாமா தன் வீட்டுக்கு முன்னால் ஒரு மதில் எழுப்பினார். ஊருக்கெல்லாம் கட்டிக் கொடுத்தவர் தனக்கென்று கட்டிய முதல் சுவர். பூச்சு காய்ந்ததும் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அப்பா வழக்கம்போல இடது கண்ணை மூடிக்கொண்டு சுவரின் ஓரத்தைப் பார்த்துவிட்டு, நடுவில் வயிறு தள்ளியிருக்கிறது என்றார். தெருவே நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. மாமா வேகமாக உள்ளே போய் மட்டப்பலகையைக் கொண்டுவந்து சுவரில் வைத்துக் காட்டினார். ஓர் ஈ நுழைய இடமில்லை. அப்பா அப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை.

“மச்சான், ஒங்க கண்ணுக்குத்தான் வயிறு தள்ளிருக்கு. எஞ் செவத்துக்கு இல்ல” என்றார் மாமா.

கோபத்தில் வந்த வார்த்தை. அதில் எவ்வளவு உண்மை இருந்தது என்று சொன்னவருக்கும் தெரியாது, கேட்டவருக்கும் தெரியாது. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. தூக்குக்குண்டு எங்கள் மாடியிலேயே தங்கிவிட்டது. அதைத் திருப்பிக் கேட்க மாமாவுக்கு ரோஷம், கொண்டுபோய்க் கொடுக்க அப்பாவுக்கு ரோஷம்.

அடுத்த இரண்டு வாரத்தில் மூன்று டெலஸ்கோப்புகளை அப்பா கடைக்குத் திருப்பிக் கொடுத்தார். கண்ணாடி சரியில்லை, கோடு நடுவில் இடது பக்கமாக வளைகிறது, நூலும் சேர்ந்து வளைகிறது, இதை எப்படி மாட்டுவது என்றார். பாய் மூன்றையும் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, பொருள் சுத்தமாக இருக்கிறது, நீங்கள் ஒருமுறை கண்ணைக் காட்டிவிட்டு வாருங்கள் என்று தன்மையாகச் சொல்லியிருக்கிறார். பழுதான சரக்கைத் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று அப்பா வீட்டில் வந்து குதித்தார். சாப்பிட்டுக்கொண்டே அந்த வளைவு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று அம்மாவிடம் விரலால் காற்றில் வரைந்து காட்டினார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவே மாடிக்கு ஏறி வந்துவிட்டாள். அவளுக்கு ஒரு கண்ணை மட்டும் மூட வராது, இரண்டும் சேர்ந்து மூடிக்கொள்ளும். கையால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தாள். கறுப்பாக ஒரு வட்டம் தெரிகிறது, அதற்குள் தன் கண்ணிமைதான் தெரிகிறது என்றாள். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னாள்.

“பாப்பா பாக்கட்டும். அவளுக்கும் வளஞ்சு தெரிஞ்சா கண்ணாடிக் கோளாறு. நேராத் தெரிஞ்சா ஒங்க கண்ணுதான் கோளாறு, திங்கக்கெழம மறுபேச்சுப் பேசாம ஆஸ்பத்திரிக்குக் கெளம்பணும்.”

அப்பா சரி என்றார். “வா தாயி, வந்து பாரு” என்று மணல்மூட்டைக்குப் பக்கத்தில் எனக்கு இடம் விட்டார்.

இங்கே என் பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முந்தின வருஷம்தான் அவர் செருப்புக் கடித்த புண்ணோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். போகும்போது நடந்து போனவர், வரும்போது ஒரு காலை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். சுகர் என்றால் அப்படித்தான் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். எங்கள் அப்பாவுக்கும் சுகர் உண்டு. காலில் புண் என்று போனவருக்குக் காலை எடுத்தார்கள் என்றால், கண்ணில் கோளாறு என்று போகிறவருக்கு எதை எடுப்பார்கள் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

அப்பா சொல்லிக் கொடுத்தபடி கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நடுவே நாலு விரற்கடை விட்டு, இடது கண்ணை இறுக்க மூடிக்கொண்டு பார்த்தேன். வெள்ளைத் தொட்டியின் முன்னால் கறுப்பு நூல் நின்றது. அதன் மேலேயே டெலஸ்கோப்பின் கோடு. அவ்வளவு நேரான ஒன்றை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

“வளஞ்சிருக்குப்பா” என்றேன்.

“எந்தப் பக்கம்டி?” என்றாள் அம்மா. அவள் லேசில் விடுகிறவள் இல்லை.

“இடது பக்கம். நடுவுல ஆரம்பிச்சுக் கீழ வரைக்கும்.”

அப்பா தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். “கேட்டுக்கிட்டியா! நாஞ் சொன்னா நம்ப மாட்டீக” என்றார். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கீழே போனாள். அன்று சாயங்காலம் அப்பா என்னை பஸ் ஸ்டாண்டு பக்கம் கூட்டிப்போய்ப் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தார். வழியெல்லாம் என் தோளில் கை போட்டுக்கொண்டு வந்தார். நான் அவரைக் காப்பாற்றிவிட்டேன். அப்படித்தான் நினைத்தேன். நான் நேராக இருக்கிறது என்று சொன்னால் அவருக்கு நோய், வளைந்திருக்கிறது என்று சொன்னால் நோய் இல்லை. ஒரு வார்த்தையில் எல்லாம் முடிந்துவிட்டது.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா என்னை வைத்துத்தான் டெலஸ்கோப் மாட்டினார். பாய் அனுப்புகிற சரக்கெல்லாம் பழுதுதான் என்று முடிவு செய்துவிட்டு, இருக்கிறதை வைத்து ஒப்பேற்றுவோம் என்பார். நான் குழலுக்குள் பார்த்துக்கொண்டு இடது, வலது, இன்னும் கொஞ்சம், போதும் என்று சொல்வேன். அவர் வளையத்துக்குள் அதைத் திருப்புவார். கோடும் நூலும் ஒட்டியதும் எட்டு ஸ்க்ரூவையும் குறுக்கும் மறுக்குமாக முறுக்குவார், நான் காதுகுத்துப் பத்திரிகையைச் செருகிப் பார்ப்பேன். எல்லாவற்றிலும் நான் அரிச்சந்திரன் வீட்டுப் பிள்ளைதான். கடைசியில், இதுவும் வளைந்திருக்கிறதா என்று கேட்பார். ஆமாம்பா என்பேன். அந்த ஒன்றைத் தவிர ஒரு பொய்யும் சொன்னதில்லை. நான் இருந்ததால் துப்பாக்கிகள் சரியாகவே போயின. அதனால் அப்பாவின் கண் போய்க்கொண்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை.

பள்ளிக்கூடத்திலிருந்து என்னைச் சுற்றுலா கூட்டிப்போன ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அப்பா தனியாக ஒன்றை மாட்டினார். அழகர்கோவில் பக்கம் மாந்தோப்பு வைத்திருந்த பட்டாளத்துக்காரருடையது. ஒரே வாரத்தில் அது திரும்பி வந்தது. ஒரு மரத்தில் அட்டையைக் கட்டிச் சுட்டால் குண்டு பக்கத்து மரத்துக்குப் போகிறதாம். அப்பாவின் கையிலிருந்து போன வேலை அப்படித் திரும்பி வந்தது அதுதான் முதல் தடவை. பாய் மறுபடியும் கண்ணைப் பற்றிப் பேச்செடுத்திருக்கிறார்.

“எம் பொண்ணு பாத்துட்டா பாய், அவ கண்ணு பொய் சொல்லாதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்” என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். நான் உள்ளறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். பென்சில் முனை ஒடிந்தது நினைவிருக்கிறது. அன்றாவது சொல்லியிருக்கலாம். எழுந்து வாசல்படி வரை வந்தேன். மூன்று மாதமாகச் சொன்ன பொய், எதிலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. திரும்பிப் போய்ப் பென்சிலைச் சீவினேன்.

இன்னும் ஒரு மாதம் போயிற்று. கொத்தனார் மாமா தன் மகளுக்குக் கட்டிக்கொண்டிருந்த வீட்டில் தலைவாசல் நிலை வைக்க நாள் குறித்துவிட்டார். அந்த நிலைக்கு நூல் பிடிக்கத் தன் பழைய பித்தளைக் குண்டுதான் வேண்டும் என்று அவருக்குப் பிடிவாதம். ரோஷத்தை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் மாடிக்கு ஏறி வந்தார். அப்பாவும் முகம் கொடுத்துப் பேசினார். சண்டையை யார் முதலில் விடுவது என்று இருவரும் காத்திருந்திருக்கிறார்கள் போலிருக்கிறது. குண்டை அவிழ்ப்பதற்கு முன்னால், அதை வைத்து அப்படி என்னதான் செய்கிறீர்கள் என்று மாமா கேட்டார். அப்பா அவரைத் துப்பாக்கியின் பின்னால் உட்காரவைத்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். எழுந்து ஓடத் தோன்றியது.

“என்ன மச்சான், நூலு புடிச்ச மாதிரி நிக்கிது. இதுல எங்க வயிறு?”

“நல்லாப் பாரு மாப்ள.”

“முப்பது வருசமா இந்தக் குண்டத்தான் பாக்குறேன். இத விடவா நல்லாப் பாக்க?” என்ற மாமா, சட்டென்று பேச்சை நிறுத்தினார். மதில் சண்டை அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். குரலைத் தணித்து, அப்பாவை மாடிக் கைப்பிடிச் சுவரின் விளிம்பைப் பார்க்கச் சொன்னார். இடது கண்ணை மூடிக்கொண்டு ஒரு தரம், பிறகு வலது கண்ணை மூடிக்கொண்டு ஒரு தரம். அப்பா பார்த்தார். மறுபடி மாற்றிப் பார்த்தார். மறுபடியும். நான் ஏழு தடவை எண்ணினேன்.

பிறகு அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தார். நான் வளையத்தின் ஸ்க்ரூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன்.

“கீழ போயி மாமாவுக்குக் குடிக்கத் தண்ணி கொண்டா தாயி” என்றார்.

அவ்வளவுதான். நான் தண்ணீர்ச் செம்போடு திரும்பி வந்தபோது எட்டு ஸ்க்ரூவும் கழன்று ஒரு மூடியில் கிடந்தன. டெலஸ்கோப்பைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். அதன் பிறகு அவர் ஒன்றைக்கூட மாட்டவில்லை.

திங்கட்கிழமை கண்ணாஸ்பத்திரிக்குப் போனோம். நானும் வருவேன் என்று அழுது புரண்டதால் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டு என்னையும் கூட்டிப்போனார்கள். கண்ணை எடுக்க வந்தால் தடுப்பது என்று நான் முடிவு செய்திருந்தேன். எப்படித் தடுப்பது என்றுதான் தெரியவில்லை. சொட்டு மருந்து விட்டு, மணிக்கணக்கில் உட்காரவைத்து, கடைசியில் ஒரு டாக்டரம்மாவிடம் அனுப்பினார்கள். அந்த அம்மா, நடுவில் ஒரு புள்ளி வைத்த கட்டம் போட்ட தாள் ஒன்றை அப்பாவிடம் கொடுத்து, இடது கண்ணை மூடிக்கொண்டு பார்க்கச் சொன்னார். நடுவில் கோடெல்லாம் வளைகிறது, புள்ளி இருக்கிற இடம் அழிந்திருக்கிறது என்றார் அப்பா. நான் எட்டி எட்டிப் பார்ப்பதைக் கண்டு அந்த அம்மா சிரித்துக்கொண்டே தாளை என்னிடம் நீட்டி, உனக்கு எப்படித் தெரியுது பாப்பா என்று கேட்டார்.

“நேரா இருக்கு” என்றேன். 

சுகரால் கண்ணுக்குள் கசிவு என்றார்கள். இடது கண்ணிலும் தொடங்கியிருந்தது. அதை ஊசி போட்டு நிறுத்திவிட்டார்கள். வலது கண்ணின் நடுப்பார்வை போனது போனதுதான். ஓரத்தில் ஆள் நடமாட்டம் தெரியும், நேரே பார்த்தால் எதிரில் இருப்பவரின் முகம் இருக்காது. பாய் அவரைக் கைவிடவில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து ஈயக் குண்டு டப்பா விற்கிற வேலையைக் கொடுத்தார். எதையும் ஒற்றைக் கண்ணால் பார்க்கிற பழக்கம் மட்டும் அவரை விடவில்லை. இடது கண்ணை மூடுவார், பிறகு நினைவு வந்து திறந்துகொள்வார். ஏன் அப்படிச் சொன்னாய் என்று அவர் கடைசி வரை கேட்கவில்லை. போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். நானும் கடைசி வரை சொல்லவில்லை. வளர்ந்த பிறகு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன், சொல்ல நினைத்திருக்கிறேன், ரசம் வேண்டுமா என்று கேட்டுவிட்டு எழுந்திருக்கிறேன்.

இவ்வளவையும் தாண்டி அந்த ஆஸ்பத்திரி அறைதான் எனக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு, “இது ஆரம்பத்துலயே வந்திருக்க வேண்டியது. எப்ப இருந்து இப்படித் தெரியுது?” என்று கேட்டார். அம்மா வாயைத் திறந்தாள். அப்பா என் தலையில் கை வைத்தார்.

“ஒரு வாரமாத்தாம்மா.”

“பாத்தா பழசு மாதிரி இருக்கே?”

“இல்லம்மா. போன ஞாயித்துக்கெழமதான் மொத மொதல்ல தெரிஞ்சுச்சு.”

அம்மா வாயை மூடிக்கொண்டாள். எனக்கு உயிர் வந்தது. அப்பாவுக்கு நாள் மறந்துவிட்டது, நல்லவேளை, நான் தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் எந்த ஞாயிற்றுக்கிழமை எந்த ஸ்க்ரூ அரைச் சுற்று கூட வாங்கியது என்று சொல்கிற மனிதருக்கு அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை எப்படி மறக்கும் என்று யோசிக்கிற வயசில்லை எனக்கு.